எடைக்குப் போகும் மடக்குக் கத்திகள்

ஜி.என்.டி. சாலை மாதவரம், புழல், செங்குன்றம் தாண்டிக் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறது. பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக மாற்றும் உலைகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கின்றன. வடசென்னைக் காயலாங்கடைகளில் சேரும் இரும்பில் பெரும்பங்கு லாரி ஏறி இந்தச் சாலை வழியாகத்தான் அங்கே போகிறது. பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டுகிறவர்கள் பரணைக் காலி செய்யும்போது கீல், தாழ்ப்பாள், கொண்டி, தேய்ந்த அரிவாள்மனை எல்லாம் ஒரே சாக்கில் கடைக்கு வருகின்றன. அந்தக் குவியலில் அபூர்வமாக வேறொன்றும் கிடைக்கும். சாண் நீளம்கூட இல்லாத கொம்புப் பிடி. ஒரு முனையில் மடங்கிக் கிடக்கும் சிறு கத்தி. மறுமுனையில், பெரும்பாலும் உடைந்த நிலையில், ஒரு கூரிய ஆணி. புழலில் ஒரு கடையில் இப்படி ஒன்றைக் கையிலெடுத்து என்னவென்று கேட்டேன். "பேனாக்கத்தி மாரி கீது சார். மொனை ஒடஞ்சிபோச்சி, எடைக்கே எடுத்துக்கோங்க" என்றார் கடைக்காரர்.

அது மடக்கெழுத்தாணி. கைவினை மடக்குக் கத்திகளைத் தேடிச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஸ்பெயின் என்றால் நவாஹா, பிரான்ஸ் என்றால் லகியோலும் ஒப்பினெலும், இத்தாலியின் சார்தீனியாவுக்குப் பத்தாடா, ஜப்பானுக்கு ஹிகோனோகாமி என்று ஊர்ப்பெயரோடும் வடிவத்தோடும் அடுக்குவார்கள். இந்தியா என்று வந்தால் ராம்பூரி என்று ஒற்றைப் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். தமிழ்நாட்டுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. இடம் உண்டு என்பது என் துணிபு. நம்முடைய மடக்குக் கத்தி எழுதுகிறவர் மடியிலும் முடி மழிப்பவர் பையிலும் இருந்தது. சண்டைக்காரன் இடுப்பில் அது இல்லாததால் ஆயுதம் சேகரித்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. எழுத்தைச் சேகரித்தவர்களோ ஓலையை எடுத்துக்கொண்டு கருவியை விட்டுவிட்டார்கள்.

எழுத்தாணியில் மூன்று வகை வழங்கிவந்தன. குண்டெழுத்தாணி குட்டையானது. கொண்டை கனத்து, முனை சற்று மழுங்கலாக இருக்கும். எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு ஏற்றது. வாரெழுத்தாணி நீளமானது. அதன் ஒரு முனை எழுத, மறுமுனையில் உள்ள தட்டையான சிறு கத்தி ஓலையை வார. பனையோலையிலேயே உறை முடைந்து அதில் செருகி வைப்பார்கள். மூன்றாவது மடக்கெழுத்தாணி. வாரெழுத்தாணியின் இரண்டு வேலைகளையும் ஒரு பிடிக்குள் மடக்கி வைத்தால் அதுதான். ஒரு பக்கம் கத்தி மடங்கும், மறுபக்கம் ஆணி மடங்கும். பிடியை மரத்தில் செய்வார்கள், மாட்டுக்கொம்பில் செய்வார்கள், வசதியுள்ளவர்களுக்குத் தந்தத்திலும் செய்வார்கள். 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் திண்ணைப் பள்ளியில் ஓலையில் எழுதப் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவர். அவருடைய 'என் சரித்திரம்' இந்தக் கருவிகளை வகை பிரித்து விவரிக்கிறது. புதுச் சுவடிக்கு மை தடவும் மையாடல் சடங்கும் அதில் உண்டு. எழுத்தாணி புழங்கிய வீட்டிலிருந்து வந்த சாட்சியம் என்பதால் எனக்கு அது அருங்காட்சியக அட்டைக் குறிப்புகளைவிட மேலானது.

எழுதுகோலோடு கத்தி ஏன் ஒட்டிக்கொண்டது என்பதை ஓலையின் வேலையைப் பார்த்தால்தான் விளங்கும். பச்சை ஓலையில் அப்படியே எழுத முடியாது. முதிராத குருத்தோலையைத் தேர்ந்து, உலர்த்தி, சில இடங்களில் வேகவைத்து, மறுபடி உலர்த்தி, வழவழப்பாகத் தேய்த்து எடுக்க வேண்டும். நடு ஈர்க்கை நீக்க வேண்டும். ஏடுகள் எல்லாம் ஒரே அகலம், ஒரே நீளமாக இருந்தால்தான் கட்டாக நிற்கும். அதற்காக ஓரங்களைச் சீவுவதைத்தான் ஓலை வாருதல் என்பார்கள். வாராத ஓலை விரலைக் கிழிக்கும், கட்டில் துருத்திக்கொண்டு மடியும். எழுதும்போதும் ஓரம் சிலும்பினால் கத்தி வேண்டும். ஆக, எழுத உட்காருகிறவருக்குக் கத்தியும் ஆணியும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.

எழுதும் முறையிலும் கருவிக்குச் சோதனை இருந்தது. ஓலையை இடக்கையில் பிடித்து, இடக்கைப் பெருவிரல் நகத்தில் வெட்டிய சிறு பள்ளத்தில் ஆணியைத் தாங்கி, வலக்கையால் அழுத்துவார்கள். வரி முன்னேற முன்னேற நகர்வது பெரும்பாலும் ஓலைதான். ஆணி ஓலையின் மேல்தோலைக் கீற வேண்டும், ஆனால் நாரை அறுத்துவிடக் கூடாது. முனை அழுந்தினால் ஏடு பொத்துவிடும் என்பதால்தான் பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் நிற்கின்றன. பதிப்பாசிரியர்கள் தலையை உடைத்துக்கொண்ட பல பாடச் சிக்கல்கள் அந்த ஆணி முனையில் தொடங்கியவை.

இந்த அளவுக்கு நுணுக்கம் கேட்கும் முனையை ஒரு மடக்குக் கீலில் பொருத்துவது எளிய காரியமில்லை. நான் கண்ட மடக்கெழுத்தாணிகளில் உள்ளே ஸ்பிரிங் கிடையாது. அலகின் அடியில் ஒரு துளை. பிடியின் இரு கன்னங்களுக்கும் ஊடே ஒரு தறையாணி. அதன் இறுக்கம் மட்டுமே அலகை நிறுத்துகிறது. இறுக்கம் கூடினால் நகத்தால் திறக்க முடியாது. குறைந்தால் எழுதும்போது ஆணி ஆடும், எழுத்து சிதறும். தறையாணியின் தலையை எத்தனை தட்டுத் தட்டி நிறுத்துவது என்பது கொல்லரின் கைக்கு மட்டுமே தெரியும். அலகுக்குத் தோய்ச்சல் போடுவதிலும் அதே கவனம் வேண்டும். நன்றாகத் தோய்ந்த முனை கூர் மங்காது, ஆனால் எளிதில் உடையும். மென்மையாக விட்டால் சில ஏடுகளிலேயே மழுங்கும். கடைகளில் கிடைக்கும் மடக்கெழுத்தாணிகளில் ஆணி முனை உடைந்திருப்பதைக் குறை என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அது நல்ல உருக்கில் செய்து நிறைய வேலை வாங்கப்பட்ட கருவி என்பதன் அடையாளம்.

புழலுக்கும் இந்தக் கருவிக்கும் உறவு உண்டு. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று புழல் கோட்டம். குறும்பர்கள் இங்கே கோட்டை கட்டி ஆண்டதாகவும், ஆதொண்டன் அவர்களை வென்றதாகவும் ஒரு பழங்கதை உண்டு. கர்னல் காலின் மெக்கன்சி திரட்டிய உள்ளூர் வரலாறுகளில் குறும்பர் பற்றிய செய்திகள் இடம்பெற்றன. பின்னாளில் குஸ்டாவ் ஆப்பர்ட் தம் நூலில் புழலைப் பற்றி எழுதியதும் அந்தத் தடத்தில்தான். மெக்கன்சி தொகுப்பின் தென்னிந்தியப் பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அதில் ஓலையும் தாளும் கலந்திருக்கின்றன. ஊர்ப் பெரியவர்கள் சொன்னதும், கணக்கர்கள் எழுதி வைத்திருந்ததும் அப்படித்தான் நம்மை வந்தடைந்தன. சுவடி அட்டவணைகள் ஏட்டின் எண்ணிக்கை, நீள அகலம், எழுத்து, சிதைவு எல்லாவற்றையும் பதிவு செய்யும். எழுதிய கருவிக்கு அவற்றில் பத்தியே கிடையாது. ஊர் ஊராகப் போன உ.வே.சா.வும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஏடுகளைத் தேடியது முழுக்க நியாயம். கறையான் ஏட்டைத்தான் முதலில் தின்னும். ஆனால் ஏட்டை எடுத்த அதே வீட்டுப் பரணில், அதே பெட்டியில், எழுத்தாணியும் இருந்திருக்கும்.

ஆயுதங்களின் கதை வேறு. தஞ்சை மராத்திய அரசு 1855இல் முடிவுக்கு வந்தபின் அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. பெருமளவு ஆயுதங்கள் உடைந்த இரும்பாகப் போயின. மிஞ்சியவற்றில் ஒரு பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அவற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு ராபர்ட் எல்குட் 2004இல் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். கட்டாரிக்கும் வாளுக்கும் இப்படி ஓர் அறிஞர் கிடைத்தார். பாக்குவெட்டிக்கும் கிடைத்தார்கள்: கொலம்பியா பல்கலைக்கழகக் கணித அறிஞர் சாமுவேல் ஐலன்பெர்க் சேகரித்த பாக்குவெட்டிகளை ஹென்றி பிரவுன்ரிக் 1990களின் தொடக்கத்தில் நூலாக்கினார். புனேயின் கேல்கர் அருங்காட்சியகத்திலும் பாக்குவெட்டிகள் அழகாக வைக்கப்பட்டிருக்கின்றன. பாக்குவெட்டியும் ஒரு தறையாணியில் சுழலும் அலகுதான். அது சீர்வரிசையில் ஏறியது, வெற்றிலைப் பெட்டியோடு வரவேற்பறையில் உட்கார்ந்தது, அதனால் பிழைத்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றும் அதற்கு விலை உண்டு. எழுத்தாணியின் வேலையோ ஒரு தலைமுறைக்குள் நின்றுபோனது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்கள் அச்சகம் நடத்த வழி திறந்தது. பள்ளிகளில் சிலேட்டும் தாளும் வந்தன. பேரப்பிள்ளைக்கு அது என்னவென்றே தெரியாதபோது வீட்டில் யார் வைத்திருப்பார்கள்?

தாளோடு சேர்ந்து வந்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பேனாக்கத்தி. இறகுப் பேனாவைச் சீவப் பிறந்த அந்தக் கத்தி, பின்பு பென்சில் சீவி, பழம் நறுக்கி, சட்டைப் பையில் நிரந்தரமானது. ஜோசப் ராஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் மால்ட்டா சிலுவையும் பொறித்த கத்திகள் பழம்பொருள் கடைகளில் இப்போதும் அகப்படுகின்றன. உள்ளூர்க் கொல்லர்கள் அதன் ஸ்பிரிங் முதுகைப் பார்த்துப் படித்துக்கொண்டு லாரி ஸ்பிரிங் பட்டையிலும் ரம்பத் தகட்டிலும் தாங்களே மடக்குக் கத்திகள் செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் வில்லுக்கத்தி என்று வழங்குவதும் இவ்வகையே. சேகரிப்பாளர்கள் இவற்றை 'போலி ஷெஃபீல்டு' என்று தள்ளுவது எனக்கு ஒப்புதல் இல்லை. இறக்குமதிப் பொருளை உடைத்துப் பார்த்து, கைக்குக் கிடைத்த இரும்பில், கைக்குத் தெரிந்த தோய்ச்சலில் திரும்பச் செய்வதும் கைவினைதான். துறைமுகத்தையும் ரயில் பட்டறைகளையும் ஒட்டி வளர்ந்த வடசென்னைக்கு இது நன்றாகவே புரியும்.

சவரக் கத்தியை நான் மடக்கெழுத்தாணிக்கு இணையாகவே வைப்பேன். இரண்டு கன்னங்களுக்கு நடுவே மடங்கும் அலகு, ஒரு தறையாணி, கொம்பு அல்லது மரப் பிடி. அமைப்பு அதேதான். முடிதிருத்துபவரின் அடைப்பத்தில் கத்தரி, சாணைக்கல், தோல்வார் இவற்றோடு அது இருக்கும். அதே கையால் கட்டி கீறியவர்கள், புண்ணுக்கு மருந்து போட்டவர்கள், பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் அந்தச் சமூகத்தவர். மருத்துவர் என்ற பெயர் அவர்களுக்கு இன்றும் நிற்கிறது. ஜெர்மனியின் சோலிங்கன் கத்திகள் கடைக்கு வந்தபின் கொல்லரின் கத்தி பின்தங்கியது. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன், டாக்டர் செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வில் தெரியவந்தன. அடுத்த ஆண்டுகளில் பரவிய விழிப்புணர்வால் ஒரு ஆளுக்கு ஒரு பிளேடு என்பது சலூன்களில் வழக்கமானது. அது மிகச் சரியான மாற்றம். பழைய கத்தி மேசை இழுப்பறைக்குள் போனது. அந்த இழுப்பறைகளில் பலவற்றை இன்னும் யாரும் திறந்து பார்க்கவில்லை.

சவரக் கத்தியில் உழைப்பின் கணக்கு கண்ணுக்குத் தெரியும். கல்லில் தீட்டும்போது அலகைப் படுக்க வைத்துத் தேய்ப்பதால் வாயும் முதுகும் சேர்ந்தே தேயும். முதுகில் தட்டையாக விழுந்த பட்டையின் அகலத்தைப் பார்த்தால், கத்தி குறைந்த காலம் உழைத்ததா ஓர் ஆயுள் முழுக்க உழைத்ததா என்று சொல்லிவிடலாம். பாதியாகத் தேய்ந்த கத்தியைச் சேகரிப்பாளர்கள் ஒதுக்குவார்கள். நான் அதைத்தான் முதலில் எடுப்பேன்.

ராம்பூரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மடக்குக் கத்தி என்றதும் நம் ஊரிலும் அந்தப் படம்தான் மனதில் ஓடுகிறது. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர், நவாபுகள் ஆண்ட சமஸ்தானம். அங்கே உஸ்தாதுகள் கையால் செய்த பித்தளைப் பிடிக் கத்தி, இந்திப் படங்களின் வழியே வில்லனின் கருவியாகப் புகழ் பெற்றது. புகழே அதற்கு வினையானது. 1990களில் மாநில அரசு நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகு கொண்ட கத்திகளுக்குத் தடை விதித்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 2023இல் அதே ஊரில் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள ராம்பூரிக் கத்தியை நினைவுச் சின்னமாக நிறுவினார்கள். ஜப்பானில் 1960 அக்டோபரில் சோசலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமா மேடையில் 17 வயது இளைஞனால் குத்திக் கொல்லப்பட்டபின், பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. கொலைக்குப் பயன்பட்டது ஒரு குறுவாள். சந்தையை இழந்ததோ பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவிய ஹிகோனோகாமி. வடசென்னையில் வாழ்கிறவர்களுக்கு இந்த அநியாயம் பழகியது. நாளிதழின் பட்டாக்கத்திச் செய்திகளும் திரைப்படங்களும் இந்தப் பகுதியின் கத்தியை ரவுடியின் கையில் மட்டுமே காட்டுகின்றன. 2006க்குப் பின் புழல் என்றாலே மத்தியச் சிறை என்றாகிவிட்டது. காசிமேட்டில் மீன் அரிகிறவரின் கத்தியும், சலூன் கத்தியும், கணக்கரின் எழுத்தாணியும் அந்தப் படத்துக்குள் வருவதில்லை.

சேகரிக்க நினைப்பவர்கள் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயுதச் சட்டம் 1959இன் கீழ் வகுத்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான் ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கான கருவிகளுக்கு விலக்கு உண்டு. எழுத்தாணியும் சவரக் கத்தியும் இந்த அளவுகளுக்கு வெகு கீழே நிற்பவை. ஆனால் தந்தப் பிடி வேறு விஷயம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இலும் 1991இலும் வந்த திருத்தங்களுக்குப் பின் தந்த வணிகம் முற்றிலும் தடைசெய்யப்பட்டுள்ளது. பழையது, தாத்தாவுடையது என்பதெல்லாம் விற்பனைக்குச் சாக்கு ஆகாது. தந்தப் பிடி மடக்கெழுத்தாணியை யாராவது விலைபேசினால் விலகிவிடுங்கள். 100 ஆண்டு கடந்த கைவினைப் பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

அடுத்தது பராமரிப்பு. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் காற்றில் உப்பு அதிகம். உப்பிலுள்ள குளோரைடு இரும்புக்குள் இறங்கினால் துரு நிற்காமல் தின்னும். பலர் செய்யும் முதல் தவறு, வாங்கியதும் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்குவது. கருமை படிந்த பழைய மேல்பரப்பு போனால் அரத்தின் தடமும், இருந்தால் கொல்லரின் குறியும் சேர்ந்தே போய்விடும். சிவந்து உதிரும் துருவை மட்டும் எண்ணெய் தொட்டு மெல்ல எடுத்தால் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிக் கீலை அடைக்கும். தையல் மிஷின் எண்ணெய் நல்லது. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் கத்தியை உறையிலிருந்து எடுத்துத் தனியே வைக்க வேண்டும். கொம்புப் பிடியைப் புழு அரிக்கும். வருஷத்துக்கு ஓரிரு முறையாவது துளை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

பழசுபோலச் செய்த புதுசும் சந்தைக்கு வந்துவிட்டது. அமிலத்தில் நனைத்துத் துருவேற்றிய இரும்பு முழுக்க ஒரே நிறத்தில் இருக்கும். உண்மையில் புழங்கியதில் கைபட்ட இடம் கறுத்து மினுங்கும், கைபடாத மூலையில் மட்டும் துரு உட்கார்ந்திருக்கும். தறையாணித் துளையைப் பாருங்கள். பல்லாண்டு திறந்து மூடிய கீலில் துளை வட்டமாக இராது, ஒரு பக்கம் நீண்டிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது ஊரும் பேரும். மாத்தளையிலிருந்தோ மதுராந்தகத்திலிருந்தோ வந்தது என்று தெரியாத எழுத்தாணி வெறும் அழகுப் பொருள். ஆனந்த குமாரசாமி 1908இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' நூலில் பொருளை வரைந்ததோடு நிற்காமல், செய்கிறவர்கள் யார், எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பதிந்தார். நூறாண்டு கடந்தும் அந்த நூல் பயன்படுவது அதனால்தான். தமிழ்நாட்டுக் கொல்லர் பட்டறைகளுக்கு அந்த உழைப்பை யாரும் முழுமையாகத் தரவில்லை. கண்ணாடிப் பெட்டியில் நூறு கத்தி அடுக்கியவரைவிட, நாலே கத்தியை வைத்துக்கொண்டு அவற்றைச் செய்தவர், புழங்கியவர், ஊர், காலம் என்று நாலு பக்கம் எழுதி வைத்திருப்பவரைத்தான் நான் சேகரிப்பாளர் என்பேன்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டை இடிப்பதற்கு முன், கடையை மாற்றுவதற்கு முன், பரணையும் இழுப்பறையையும் ஒருமுறை பாருங்கள். மடங்கும் அலகு எது கிடைத்தாலும் திறந்தும் மூடியும் படம் எடுங்கள். நீளத்தையும் எடையையும் குறியுங்கள். வீட்டில் மூத்தவர்களிடம் யார் வைத்திருந்தது, எந்த ஊரில் வாங்கியது, எந்தப் பட்டறை என்று கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். பொருளை வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் அந்தக் குறிப்போடு சேர்த்து எழும்பூர் அருங்காட்சியகத்தையோ பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்தையோ அணுகிக் கேளுங்கள். சுவடி நூலகங்களும் தங்கள் அட்டவணையில் எழுத்தாணிக்கு ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.